லிட்டில் டோம் சி: துளையிடும் முன் செய்தவை (கேள்வி பதில்)

அண்டார்டிகாவின் லிட்டில் டோம் சி-யில் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 2,800 மீட்டர் பனியைத் துளைத்து, 2025 ஜனவரியில் அடிப்பாறையை எட்டிய செய்தி வந்தது. அதற்கான ஆயத்தங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

எட்டு லட்சம் ஆண்டுப் பனி முன்பே கையில் இருக்கிறதே, இன்னொரு துளை எதற்கு? (கல்லூரி மாணவி)

பக்கத்திலுள்ள டோம் சி என்ற இடத்தில் 2004-இல் முடிந்த துளை எட்டு லட்சம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கும் முன்னால்தான் பெரிய புதிர் இருக்கிறது. ஒரு காலத்தில் பனியுகங்கள் சுமார் 41,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்தன. பிறகு அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டாக நீண்டது. மாற்றம் நடந்ததைக் கடலடிச் சேறு சொல்கிறது. ஆனால் அன்றைய காற்றே அடைபட்டிருப்பது பனிக்குள் இருக்கும் குமிழிகளில்தான். அதில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருந்தது என்று அளந்தால் காரணத்தை நெருங்கலாம்.

பனி மிகத் தடிமனாக உள்ள இடத்தில் துளைத்தால் மிகப் பழைய பனி கிடைக்காதா? (பள்ளி ஆசிரியர்)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பூமிக்குள்ளிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. மிகத் தடித்த பனி கம்பளிபோல அதை அடைத்துவைக்கும், அடிப்பனி உருகும். உருகிப்போவது மிகப் பழைய பனி! அதனால்தான் ரேடாரால் பல ஆண்டுகள் தேடி, டோம் சி-யிலுள்ள கான்கார்டியா ஆய்வு நிலையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். என் பார்வையில் முழுத் திட்டத்திலும் அருமையான வேலை இதுதான்.

துளைக்குள் ஏன் திரவம் ஊற்றுகிறார்கள்? (பொறியாளர்)

சுற்றியுள்ள பனியின் அழுத்தம் வெற்றுத் துளையை மெல்ல மெல்ல மூடிவிடும். பனிக்கு நிகரான அடர்த்தியும், கடுங்குளிரில் உறையாத தன்மையும் கொண்ட திரவம் அதைத் தாங்கி நிற்கிறது.

கருவி உள்ளே சிக்கிக்கொண்டால்?

முந்தைய திட்டத்தில், 1998-இல் டோம் சி-யில் 788 மீட்டர் ஆழத்தில் அப்படித்தான் சிக்கியது. அந்தத் துளையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள்.

பனியை எப்படி வெளியே எடுக்கிறார்கள்? (இல்லத்தரசி)

கேபிளில் தொங்கும் குழாயின் முனையிலுள்ள கத்திகள் சுற்றிலும் செதுக்க, நடுவில் பனித்தண்டு நிற்கும். மேலே இழுக்கும்போது சிறு பற்கள் அதைக் கவ்வ, தண்டு முறிந்து கூடவே வரும். ஒருமுறைக்குச் சில மீட்டர்தான். கோடைக்காலத்தில் மட்டுமே வேலை என்பதால், துளையிட மட்டும் நான்கு பருவங்கள் ஆயின.

ஊர் போய்ச் சேரும்வரை கெடாதா?

மைனஸ் 50 டிகிரிக் குளிரிலேயே கப்பலில் அனுப்பினார்கள். அடிப்பகுதியில் ஒரு மீட்டருக்குள் 13,000 ஆண்டுகள்வரை அடங்கியிருக்கின்றன. அங்கே ஒரு மில்லிமீட்டர் உருகினாலும் 13 ஆண்டுக்காலம் போய்விடும்.