கேள்வி–பதில்: நீலமாக மறுக்கும் தண்ணீர்

கேள்வி: சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரே ஆழ்குழாய்த் தண்ணீருக்குப் பகல் ஷிப்டில் 448 என்றும், இரவு ஷிப்டில் 408 என்றும் கடினத்தன்மை (கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு) வருகிறது. சில நாள் சோதனைக் குடுவையின் நிறம் நீலமாகாமல் கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றுவிடுகிறது. தவறு யாருடையது, ஐயா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் இரண்டு எண்களையும் முதலில் பியூரெட்டிடமே (கரைசலைச் சொட்டுச்சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) திருப்பிக் கொண்டுபோவோம். 25 மில்லி தண்ணீரை, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் 0.01 மோலார் செறிவுள்ள கரைசலை நிறம் மாறும் வரை விட்டுத் தரம்பார்த்தால், செலவாகும் ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆகவே 448 என்பது 11.2 மில்லி, 408 என்பது 10.2 மில்லி. இரண்டு ஷிப்டுகளுக்கும் நடுவே உள்ள வழக்கு ஒரே ஒரு மில்லி, அதாவது ஏறத்தாழ இருபது சொட்டுதான். கத்தரிப்பூ நிறம் தெரிந்ததும் நிறுத்துகிறவருக்குக் குறைந்த எண்ணும், அந்தச் சாயல் முற்றிலும் மறையும் வரை காத்திருப்பவருக்குக் கூடுதல் எண்ணும் வரும். இருவரில் பின்னவரே சரி.

ஆனால் ஆளைக் குறை சொல்லும் முன் தாங்கல் கரைசல் (தண்ணீரின் அமில–கார அளவான பி.எச். மாறாமல் காக்கும் அம்மோனியாக் கரைசல்) இருக்கும் புட்டியை முகர்ந்து பாருங்கள். அம்மோனியாவின் நெடி மூக்கில் ஏறவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி, மக்னீசியத்தைப் பிடித்திருக்கும்போது சிவப்பாகவும் (பாடநூல்கள் ஒயின் சிவப்பு என்கின்றன, கண்ணுக்கு அது தண்ணீர் விட்ட பீட்ரூட் சாறு), ஈ.டி.டி.ஏ. அதனிடமிருந்து மக்னீசியத்தைப் பறித்துக்கொண்ட பிறகு நீலமாகவும் இருக்கிறது. இந்தப் பறிப்பு ஓரிரு சொட்டுக்குள் சட்டென்று நடக்க வேண்டுமானால் கரைசலின் பி.எச். 10ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூடி சரியாக இறுகாத புட்டியிலிருந்து, அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அம்மோனியா மெல்லப் பறந்துவிட, பி.எச். இறங்குகிறது, ஈ.டி.டி.ஏ.வின் பிடி தளர்கிறது. நிறமாற்றம் பல சொட்டுகளுக்கு இழுபடுகிறது. மாதத்திற்கு மேற்பட்ட தாங்கல் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. நிறங்காட்டியும் கரைசலாக இருந்தால் சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால், ஒரு பங்குக்கு நூறு பங்கு சாதாரண உப்புச் சேர்த்து அரைத்த பொடியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை போடுங்கள்.

புதுக் கரைசலிலும் கத்தரிப்பூ நிறம் போகவில்லையா? அப்படியானால் இரும்பைச் சந்தேகிக்கலாம். துருப்பிடித்த குழாய் வழியே வரும் தண்ணீரில் உள்ள இரும்பு, நிறங்காட்டியைப் பற்றிக்கொண்டு, ஈ.டி.டி.ஏ. எவ்வளவு ஊற்றினாலும் விடாது. தாங்கல் கரைசலுக்கு முன்பே, தண்ணீர் சற்று அமிலமாக இருக்கும்போது, ட்ரைஎத்தனாலமின் சிறிது சேர்த்தால் இரும்பு ஒதுங்கிக்கொள்ளும். பழைய செய்முறை நூல்கள் இதற்குச் சயனைடு சொல்லும். பட்டறை ஆய்வுக்கூடத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரவு ஷிப்டுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் குண்டு பல்பின் கீழ் நீலமும் செம்மை கலந்தே தெரியும். வெண்ணிற டியூப் லைட்டின் கீழ், வெள்ளைத் தாளின் மேல் குடுவையை வைத்து, வேண்டுமென்றே ஈ.டி.டி.ஏ. மிகுதியாக விட்ட இன்னொரு குடுவையைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். தாங்கல் கரைசல் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடவும் வேண்டும். தாமதித்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடக்கூடும். மற்றொன்று, மாதிரியைக் கிணற்றுத் தொட்டியிலிருந்தே எடுங்கள். சீக்வெஸ்டரிங் ஏஜெண்ட் (உலோக அயனிகளைக் கட்டிவைக்கும் வேதிப்பொருள்) போட்ட சாயத்தொட்டித் தண்ணீரில் கால்சியம் ஏற்கெனவே கட்டுண்டு கிடப்பதால், அங்கே எடுக்கும் அளவை நம்ப முடியாது.

கேள்வி: ஈ.டி.டி.ஏ.வைக் கண்டறிந்தவர் யார்? எந்த உலோகமானாலும் ஒன்றுக்கு ஒன்றாகவே சேர்வது ஏன்?
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முன்னவரின் கேள்விக்கு இது உறவுதான். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ம்யூன்ஸ் 1935இல் இதைத் தயாரித்தபோது அவர் மனத்தில் இருந்ததே துணிச் சாயத் தொழிலில் தொல்லை தந்த கடின நீர். அதை அளவிடும் கருவியாக்கியவர் சூரிச்சைச் சேர்ந்த கெரோல்ட் ஷ்வார்ட்சன்பாக். 1940களில் அவரும் உடன் உழைத்தவர்களும் இந்தத் தரம்பார்த்தல் முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒரே மூலக்கூறில் இரண்டு நைட்ரஜனும் நான்கு கார்பாக்சில் தொகுதிகளும் உள்ளன. இந்த ஆறு கைகளும் ஓர் அயனியைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் இரண்டாவது மூலக்கூறுக்கு அங்கே இடமில்லை. அயனியின் மின்சுமை இரண்டானாலும் மூன்றானாலும் கணக்கு மாறாததற்குக் காரணம் அதுவே.

கேள்வி: போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று மென்னீராக்கும் கருவி வாங்கினோம். டி.டி.எஸ். மீட்டர் முன்பு காட்டிய எண்ணையே காட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: மீட்டரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்தத்தை ஊகித்துச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. உங்கள் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுவதால், கடினத்தன்மை போன பின்பும் மொத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கடினத்தன்மை சோதிக்கும் சொட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, கருவிக்கு முன்னும் பின்னும் தனித்தனியே தண்ணீர் பிடித்து, சிவப்பு நீலமாகும் வரை சொட்டுகளை எண்ணுங்கள். அதிலும் பெரும்பாலும் இருப்பது இதே ஈ.டி.டி.ஏ.தான். பின்னால் பிடித்த தண்ணீர், நிறங்காட்டி போட்ட உடனே, ஒரு சொட்டுகூட விடாமல் நீலமாக இருந்தால் கருவி வேலை செய்கிறது. சிவந்தால், உப்புத் தொட்டியில் உப்புத் தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.