ஹெல்பர் வர்றதுக்கு முன்னாடி வீட்டைத் தயார் பண்ணுங்க

குழந்தைக்கு 8 மாசம், ரெண்டு மாசத்துல வேலைக்குத் திரும்பணும், வீட்டோட தங்கி வேலை பாக்கிற ஹெல்பரா ஏஜெண்ட் மியான்மர் பொண்ணு ஒருத்தரைக் காட்டியிருக்கார், நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி அவங்களை எப்படித் தயார் பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. நான் சிங்கப்பூர் வந்து 14 வருஷம் ஆச்சு தங்கச்சி. எங்க வீட்டுல மூணு ஹெல்பர் இருந்துட்டுப் போயிருக்காங்க.

முதல் தடவை வர்றவங்களுக்கு இங்க ஒரு நாள் வகுப்பு கட்டாயம். ஜன்னலை வெளிப்பக்கம் துடைச்சா கம்பி பூட்டியிருக்கணும், நீங்க கூட நிக்கணும்ங்கிறது மாதிரி விஷயமெல்லாம் அதுல வரும். முதல் தடவை ஆள் எடுக்கிற நமக்கும் சுமார் 3 மணி நேர வகுப்பு இருக்கு. நான் அதை ஆன்லைன்ல ஓடவிட்டுட்டு சாம்பார் வெச்சவ. நீங்க உக்காந்து கேளுங்க.

ஆனா எந்த வகுப்புலயும் வராத ஒண்ணு இருக்கு. முதல் ஹெல்பர் வந்த மூணாம் நாள், நான் போன்ல பேசிட்டிருந்தேன். பால் பாட்டிலைத் தூக்கிக் காட்டி "சூடு பண்ணவா மேடம்?"னு கேட்டாங்க. நம்ம ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். பாட்டிலை ஃப்ரிட்ஜுக்குள்ள திருப்பி வெச்சுட்டாங்க. மறுபடி கேட்டாங்க, மறுபடி ஆட்டினேன், மறுபடி ஃப்ரிட்ஜ்! பிள்ளை வீறிட்டு அழுவுது. என் "சரி" அவங்களுக்கு "வேண்டாம்"னு தெரிஞ்சிருக்கு. அன்னையிலேர்ந்து எதுன்னாலும் வாயைத் திறந்து சொல்றதுதான்.

ரெண்டு வாரமாவது லீவு போடுங்க. முதல் வாரம் நீங்க செய்யுங்க, அவங்க பாக்கட்டும். அடுத்த வாரம் அவங்க செய்யட்டும், நீங்க வாயை மூடிட்டுப் பாருங்க (எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு). பருப்பு சாதம் குழைக்கிறதை அவங்க போன்லயே வீடியோ எடுக்கச் சொல்லுங்க. "கொஞ்சம் நெய்"னு சொல்லாதீங்க, ஸ்பூனைக் காட்டுங்க.

பெரிய தலைவலி மாமியார் வந்தப்பதான். நான் சர்க்கரை கூடாதுன்னேன், அத்தை கருப்பட்டி கரைச்சுக் குடுன்னாங்க. குடுத்தாலும் திட்டு, குடுக்காட்டியும் திட்டு. பாவம், அந்தப் பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதிருக்கு. குழந்தை விஷயத்துல யார் சொல்றது நடக்கும்னு ஊர்லேர்ந்து பெரியவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

சைவ வீடுன்னா ஏஜெண்ட்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. வாரம் ஒரு நாள் ஓய்வு அவங்க உரிமை. 2023லேர்ந்து மாசத்துல ஒரு ஓய்வு நாளாவது கண்டிப்பா குடுத்தே ஆகணும், அதுக்குப் பதிலா காசு குடுக்க முடியாது. அந்த ஞாயித்துக்கிழமை குழந்தையை யார் பாக்கிறதுன்னு உங்க வீட்டுக்காரரோட பேசி வெச்சுக்கோங்க. லெவி, அதாவது ஹெல்பர் வெச்சுக்க அரசாங்கத்துக்கு நாம கட்டுற வரி, மாசம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தனி. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனா இருந்தா 60.

அவங்களுக்கு ஊர்ல குழந்தை இருக்கான்னு கேளுங்க. எங்க ரெண்டாவது ஹெல்பர் ரெண்டு வயசுப் பிள்ளையை விட்டுட்டு வந்தவங்க. எங்க பையன் அழுதா அவங்களும் அழுவாங்க. தினம் ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால் பேசலாம்னு சொன்னப்புறம்தான் முகம் தெளிஞ்சுது.

ஏஜெண்ட் இண்டர்வியூ வைக்கிறப்போ குழந்தையையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. அவங்க பார்வை உங்க மேல இருக்கா, பிள்ளை மேல போகுதான்னு பாத்துக்கலாம்.