கம்பி அறுந்தால் ஏன் இவ்வளவு நேரம்? மின்சார ரயில் கேள்வி பதில்

கடற்கரை–தாம்பரம் தடத்தில் தினமும் போகிற பலர், மேலே மின்கம்பி அறுந்து வண்டி நிற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ரயில் மின்கம்பிப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், ஒரே ஒரு கம்பி அறுந்ததற்கு மூன்று மணி நேரமா? எங்கள் தெருவில் கம்பி அறுந்தால் லைன்மேன் ஒரு மணி நேரத்தில் கட்டிவிடுகிறாரே!

தெருக் கம்பி சும்மா தொங்குகிறது. இது இழுத்துக் கட்டிய கம்பி. மேலே ஒரு தாங்குகம்பி, அதிலிருந்து வரிசையாக இறங்கும் டிராப்பர்கள் என்ற குட்டைக் கம்பிகள், அடியில் பேன்டோ (வண்டிக் கூரையில் மின்சாரம் எடுக்கும் கை) உரசிக்கொண்டு போகிற காண்டாக்ட் கம்பி. மேலும் கீழும் ஓடும் இரண்டையும் தலா 1,000 கிலோ விசையில் இழுத்துப் பிடித்திருக்கும். சில கம்பங்களில் கனமான எடைகள் அடுக்காகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், இழுப்பது அவைதான். வெயிலில் கம்பி நீண்டால் எடை இறங்கும், குளிரில் ஏறும். கம்பி அறுந்தால் எடை தொப்பென்று விழும். அறுந்தது ஓரிடம்தான், ஆனால் பல நூறு மீட்டருக்குக் கம்பி தொய்ந்துவிடும்.

பேன்டோ சிக்கினால் இன்னும் மோசம். அது கம்பியை எப்போதும் ஏழு கிலோ விசையில் மேலே தள்ளிக்கொண்டே ஓடும். ஏதோ ஒரு டிராப்பர் விட்டு, பேன்டோ கம்பிக்கு மேலே ஏறிவிட்டதென்று வையுங்கள். மோட்டார்மேன் பிரேக் போட்டு வண்டி நிற்பதற்குள் வழியில் உள்ள பிடிமானங்களையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விடும். 12 பெட்டி வண்டியில் நான்கு பேன்டோ. முதலாவது தப்பினாலும் பின்னால் வருவது மாட்டும்.

சரி, ஆட்கள் வந்தார்கள். உடனே ஏற முடியாது. மின்சாரத்தை நிறுத்தினாலும், பக்கத்துப் பாதையில் 25,000 வோல்ட் இருந்தால் அணைத்த கம்பியிலும் தூண்டலால் மின்சாரம் ஏறி நிற்கும். அதனால் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியில் கை வைப்போம். இதைச் சுருக்கப் பார்த்தால் உயிர் போகும்.

அப்புறம், ஏணியோடு வருகிற டவர் காரும் தண்டவாளத்தில்தான் வர வேண்டும். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றால் அது எந்த வழியாக வரும்? என் அனுபவத்தில் கம்பி கட்டிய நேரத்தைவிட இடத்துக்குப் போய்ச் சேர ஆன நேரம்தான் அதிகம்.

அண்ணா, பக்கத்துப் பாதையில் கம்பி நன்றாகத்தானே இருந்தது? அந்த வண்டி ஏன் நின்றது?

அறுந்த கம்பி தரையைத் தொட்டதும் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழும், அதாவது மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். அதோடு சேர்ந்த பகுதி முழுக்க இருட்டு. பிறகு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பழுதான துண்டை மட்டும் பிரித்துவிட்டு மற்றதற்கு மின்சாரம் கொடுப்பார். தொங்கும் கம்பி பக்கத்துப் பாதை மேல் சாய்ந்திருந்தால் அந்தப் பாதைக்கும் கொடுக்க மாட்டார்.

ஐயா, பல்லாவரம் தாண்டி நாற்பது நிமிடம் நின்றது. எல்லோரும் குதித்து நடந்தார்கள். நானும் நடந்தேன். தப்பா?

நடந்ததைவிட, பார்க்காமல் குதித்ததுதான் தப்பம்மா. கீழே கிடக்கிற கம்பி செத்த கம்பி என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. மின்சாரத்தை எந்த நொடியிலும் சோதனைக்காகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு மீட்டருக்குள் போகவே கூடாது, தொட வேண்டியதில்லை, மின்சாரம் தாவிப் பிடிக்கும். பக்கத்துப் பாதையில் டீசல் வண்டி வரலாம், அதற்குக் கம்பியே தேவையில்லை.

வண்டி திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் கவனம் வேண்டும். 2018 ஜூலை 24 நினைவிருக்கிறதா? கம்பிக் கோளாறால் சேவை குலைந்த காலை அது. கூட்டம் பிதுங்கிய திருமால்பூர் வண்டியை விரைவு ரயில் பாதையில் விட்டார்கள். படிக்கட்டில் தொங்கியவர்கள் பரங்கிமலையில் பக்கச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் கிட்டே வராது. பாதை மாறியது தொங்கியவர்களுக்கு எப்படித் தெரியும்? தாமதமான நாளில் முதலில் வரும் வண்டியில் ஏறாமல் விட்டுவிடுங்கள்.

மெட்ரோவில் இந்தத் தொல்லை இல்லையே சார்?

சென்னை மெட்ரோவுக்கும் மேலே அதே 25,000 வோல்ட்தான். சுரங்கத்தில் மட்டும் கம்பிக்குப் பதில் விறைப்பான தண்டு, அறுந்து தொங்க அதில் ஒன்றும் இல்லை. பெங்களூரு மெட்ரோவில் மின்சாரம் கீழே, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளத்தில் வருகிறது. மரக்கிளை முறிந்து கம்பியில் விழும் கதை அங்கே கிடையாது.

காக்கா கூடு கட்டினால் ரயில் நிற்கும் என்கிறார் என் மாமா. கதைதானே?

மாமா சொன்னது சரி. காக்கை குச்சியை மட்டும் எடுக்காது, கட்டுக்கம்பித் துண்டையும் பொறுக்கிக்கொண்டு வரும். அந்தத் துண்டு, கம்பத்துக்கு மின்சாரம் போகாமல் தடுக்கும் இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பத்தைத் தொட்டால் பிரேக்கர் விழும். மாஞ்சா நூலும் காற்றில் பறந்து வரும் ஃபிளெக்ஸ் பேனரும் இதே ரகம். கூடு கலைப்பதே எங்களுக்கு ஒரு தனி வேலை. கலைத்த மூன்றாம் நாள் அதே கம்பத்தில் மறுபடி கட்டியிருக்கும். கலைக்கப் போனவன் தலையில் கொத்தும். நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.