பதவியில் இருக்கும் ஜனாதிபதியை வீழ்த்த முடியுமா? வாசகர் கேள்விகள்

வந்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அடுத்த தேர்தலில் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவை யாராவது தோற்கடிப்பார்களா? அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முன்னால் உள்ள பதில்களைப் படிக்காமல் அங்கே தாவினால் என் பதில் உங்களுக்கு மழுப்பலாகத் தெரியும்.

இலங்கையில் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்டுத் தோற்ற ஜனாதிபதிகள் எத்தனை பேர்?
(திருச்சி வாசகர்)

இரண்டு பேர். பதவியில் இருந்தபடி போட்டியிட்ட தடவைகள் மொத்தம் ஐந்து. 1982இல் ஜே.ஆர். ஜயவர்தன, 1999இல் சந்திரிகா, 2010இல் மகிந்த ராஜபக்ச ஆகியோர் வென்றார்கள். 2015இல் மகிந்தவும் 2024இல் ரணில் விக்கிரமசிங்கவும் தோற்றார்கள். ஐந்தே தேர்தல்களை வைத்துக்கொண்டு சூத்திரம் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

அந்த ஐந்தும் ஒரே தராசில் வைக்கக்கூடியவையும் அல்ல. 1982இல் ஜே.ஆரை எதிர்த்து நின்றிருக்க வேண்டிய முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தன. 2024இல் நின்ற ரணிலோ மக்கள் வாக்கால் வந்தவர் அல்லர். 2022 ஜூலையில் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் தெரிவானவர். அவருடைய கட்சிக்கு அப்போது அங்கே இருந்தது ஒரேயொரு ஆசனம். 17 சதவீதத்தோடு மூன்றாம் இடத்துக்குப் போனவரை 'வீழ்த்தப்பட்டார்' என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உண்மையான ஆட்டம் என்றால் அது 2015தான்.

2010இல் 58 சதவீதம் வாங்கிய மகிந்தவின் வாக்குகள் ஐந்தே ஆண்டுகளில் எங்கே போயின?
(கொக்குவில் வாசகர்)

எங்கும் போகவில்லை. 2010இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 60.2 இலட்சம் வாக்குகள், 2015இல் 57.7 இலட்சம். குறைந்தது வெறும் இரண்டரை இலட்சம். மறுபக்கத்தைப் பாருங்கள். 2010இல் அவரை எதிர்த்த பொன்சேகா பெற்றது 41.7 இலட்சம், 2015இல் எதிர்த்த மைத்திரிபால பெற்றது 62.2 இலட்சம். இருபது இலட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. சின்னம்கூட மாறவில்லை, இரண்டு தடவையும் அதே அன்னம்தான்.

அந்த இருபது இலட்சத்தில் ஒரு பகுதி உங்கள் ஊரிலேயே இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2010இல் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. 2015இல் 66 பேர். நாடு முழுவதும் வாக்களிப்பு 74.5 சதவீதத்திலிருந்து 81.5 ஆக உயர்ந்தது. ஆகவே ஒரு ஜனாதிபதி தோற்பாரா என்று கணிக்க வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது அவருடைய ஆதரவாளர்களை அல்ல. போன தடவை வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்களை.

அடுத்ததாகப் பார்ப்பது, அவருடைய வீட்டுக்குள்ளிருந்து யார் வெளியே வருகிறார்கள் என்பதை. மைத்திரிபால, மகிந்தவின் கட்சியான சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர், சுகாதார அமைச்சர். முதல்நாள் இரவு ஜனாதிபதியோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள், 2014 நவம்பர் 21 அன்று, பொது வேட்பாளராக வந்து நின்றார் என்பது அன்று நாடெங்கும் பேசப்பட்ட கதை. அதன் பிறகு கொழும்பு அரசியலில் யாராவது 'அப்பம் சாப்பிட்டார்' என்றால் பசியைப் பற்றிய பேச்சாக இருப்பதில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்துக்கு வாக்களிக்கக் கை வராத சுதந்திரக் கட்சிக் குடும்பங்களுக்கு அவர் ஒரு வழி திறந்துவிட்டார். கட்சி இல்லாத இராணுவத் தளபதியான பொன்சேகாவால் அதைச் செய்ய முடியவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மகிந்தவே வெல்வார் என்று அந்த நவம்பரில் அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இத்தனைக்கும் செப்டெம்பரில் நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தல் கண் முன்னே இருந்தது. 2009இல் அங்கே 72 சதவீதம் வாங்கிய ஆளும் கூட்டணி 51க்கு இறங்கியிருந்தது. 'அப்படியும் வென்றுவிட்டார்களே' என்று வாசித்தேன். இறங்கிய வேகத்தை வாசித்திருக்க வேண்டும்.

மகிந்தவை வீழ்த்தியது தமிழ், முஸ்லிம் வாக்குகள்தான் என்பது சரியா?
(மட்டக்களப்பு வாசகர்)

கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரி. வடக்கு கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களிலும் மைத்திரிபாலவுக்குக் கிடைத்த முன்னிலை ஏறக்குறைய 6.5 இலட்சம், நாடளாவிய வெற்றி வித்தியாசம் 4.5 இலட்சம். ஆனால் 2010இல் பொன்சேகாவும் 2019இல் மகிந்தவின் தம்பி கோட்டாபயவை எதிர்த்த சஜித் பிரேமதாசவும் இதே ஐந்து மாவட்டங்களிலும் முதலிடம் பெற்றார்கள். முன்னவர் 18 இலட்சத்தாலும் பின்னவர் 13 இலட்சத்துக்கு மேலும் தோற்றார்கள். தெற்கு ஏறத்தாழச் சமமாகப் பிளந்து நிற்கும்போதுதான் வடகிழக்கின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. 2005இல் அப்படித்தான் பிளந்து நின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை, ரணில் மகிந்தவிடம் 1.8 இலட்சத்தால் தோற்றார்.

எதிரணி இரண்டாக, மூன்றாகப் பிரிந்து நின்றாலும் விருப்பு வாக்கால் ஈடுசெய்யலாம் அல்லவா?
(மாத்தளை வாசகர்)

காகிதத்தில் செய்யலாம். 2024இல் 38 பேர் போட்டியிட்டார்கள். பிடித்தவருக்கு நேரே 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளை எடுத்து, அவற்றில் அந்த இருவருக்கு விருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வரலாற்றில் முதல் தடவையாக 2024இல்தான் அந்த வேலை நடந்தது.

நடந்ததைப் பாருங்கள். எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தவை ஏறத்தாழ 33 இலட்சம் சீட்டுகள். அவற்றிலிருந்து அநுரவுக்கு 1.05 இலட்சமும் சஜித்துக்கு 1.68 இலட்சமும் சேர்ந்தன. மீதி முப்பது இலட்சத்தில் இந்த இருவருக்கும் ஒன்றுமில்லை. நம்மவர்களில் பெரும்பாலானோர் ஒரு புள்ளடியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். 'தனித்தனியே நிற்போம், விருப்பு வாக்கில் சேர்ந்துகொள்வோம்' என்று எந்தக் கட்சியாவது சொன்னால், இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள்.

கூட்டங்களையும் சோதிடத்தையும் கணிப்பில் சேர்ப்பீர்களா?
(நீர்கொழும்பு வாசகர்)

கூட்டம் எத்தனை பஸ் பிடித்தார்கள், எத்தனை சாப்பாட்டுப் பொதி கட்டினார்கள் என்பதைக் காட்டும். சோதிடத்தைப் பற்றி: பதவிக்காலத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சமிருக்க, சோதிடரின் யோசனையைக் கேட்டு 2015 தேர்தலை முற்படுத்தியவர் மகிந்த.

சரி, அநுரவை அடுத்த தடவை வீழ்த்த முடியுமா?
(பலர்)

முதலில் அவர் எப்படி வந்தார் என்று பாருங்கள். 2019இல் 3 சதவீதம், 2024இல் 42. அதே 2019இல் மொட்டுச் சின்னத்தில் கோட்டாபய வாங்கிய வாக்குகள் 69 இலட்சம். 2024இல் அதே சின்னத்தில் மகிந்தவின் மகன் நாமலுக்குக் கிடைத்தவை மூன்றரை இலட்சம்கூட இல்லை. வீடிழந்து நின்ற அத்தனை வாக்குகளில் பெரும்பங்கு அநுரவின் திசைகாட்டிச் சின்னத்தின் பக்கம் போயிருக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து அவ்வளவு பெரிய தொகை வந்திருக்க வழியில்லை. அவை பரம்பரை வாக்குகள் அல்ல. வந்த வழியிலேயே திரும்பிப் போகக்கூடியவை.

ஆனால் இன்னும் எவரிடமும் போகவில்லை. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி பெற்றது 68.6 இலட்சம் வாக்குகள், 61 சதவீதத்துக்கு மேல். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 45 இலட்சம், 43 சதவீதம். 23 இலட்சம் குறைந்திருக்கிறது. அதே இடைவெளியில் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்குக் கூடியது மூன்று இலட்சத்துக்கும் குறைவு. உள்ளூராட்சித் தேர்தலுக்கு மக்கள் குறைவாக வருவது வழக்கம் என்று தள்ளுபடி செய்தாலும், விலகியவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2015இன் இரண்டு அடையாளங்களில் ஒன்று, வீட்டில் இருப்பவர்கள், கண்ணுக்குத் தெரிகிறது. மற்றது தெரியவில்லை: அரசாங்கத்தின் உள்ளே இருந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய ஆள். அநுரவின் ஜே.வி.பி. போன்ற கட்டுக்கோப்பான கட்சியிலிருந்து அப்படி ஒருவர் கிளம்புவது சுதந்திரக் கட்சியிலிருந்து கிளம்புவதைப் போல எளிதல்ல. இன்றைய நிலையில் அநுரவுக்கே சாதகம் என்பேன். மாகாண சபைத் தேர்தல் நடந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்தத் தடவை ஊவாவை ஒழுங்காக வாசிக்கிறேன்.