ஓவியரின் முகம் அச்சேறியபோது: வாசகர் கேள்வி – பதில்

கே: உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். உருவப்பட அச்சுகள் ஓவியர்களின் அந்தஸ்தை உயர்த்தின என்கிறார்கள். ஓவியம் தராத மதிப்பை அச்சு எப்படித் தந்தது?
– மாணவி, ஹற்றன்

ப: ஓவியம் வாங்கியவரின் சுவரோடு நின்றுவிடும். செப்புத் தகட்டில் செதுக்கிய முகமோ நூற்றுக்கணக்கில் அச்சாகி ஊர் ஊராகப் போகும். ஆனால் எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம், அந்த முகம் யார் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பதே.

1630களில் இன்றைய பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரில் ஓவியர் வான் டைக் உருவாக்கிய உருவப்பட அச்சுத் தொகுதியைப் பாருங்கள். மார்ட்டின் வான் டென் என்டன் வெளியிட்ட 80 படங்களில் இளவரசர்களும் தளபதிகளும் 16, அரசியலாளரும் அறிஞரும் 12. மிச்சம் 52 பேரும் கலைஞர்கள், கலைச் சேகரிப்பாளர்கள். கைவினைஞர் சங்கத்தில் பெயர் பதிந்து பிழைத்த ஓவியர், இங்கே தளபதிக்குச் சமமான அளவில், மேலங்கியைத் தோளில் சரித்து நிற்கிறார். பெரும்பாலானோர் கையில் தூரிகையே கிடையாது. கைவேலைக்காரர் என்ற பேச்சை அடக்கத்தான்! 1572இல் அதே நகரின் அச்சு வெளியீட்டாளர் ஹியரோனிமஸ் கொக்கின் அச்சகமும் 23 ஓவியர்களின் முகங்களை வெளியிட்டது. ஆனால் அவர்கள் எல்லோரும் காலமானவர்கள். வான் டைக் தன் காலத்துச் சகாக்களையே முன்னிறுத்தினார்.

சில தகடுகளை அவரே ஊசியால் கீறினார். மற்றவற்றை பொன்டியஸ், வோர்ஸ்டர்மன் போன்றவர்கள் செதுக்கினார்கள். செதுக்கியவர் பெயரும் படத்தடியில் வரும், அவருக்கும் அது விளம்பரம். வான் டைக் தன் தலையை மட்டும் கீறி விட்டிருந்த தகட்டில், அவர் இறந்தபின் யாக்கோப் நேய்ஃப்ஸ் பீடம் ஒன்றைச் சேர்த்தார். தொகுதியின் 1645 பதிப்புக்கு முகப்பே அதுதான்.

கே: கண்ணாடி பார்த்து, அச்செடுக்க லினோவில் (செதுக்கக்கூடிய லினோலியத் தகடு) என் முகத்தைச் செதுக்கினேன். முகம் சரி, பெயர் இடவலம் மாறி விழுந்தது. கோடுகளும் அடைபட்டன.
– வாசகர், ஹப்புத்தளை

ப: கண்ணாடி ஒருமுறை இடவலம் மாற்றுகிறது, அச்சு மறுபடி மாற்றுகிறது. அதனால் முகம் மற்றவர்கள் காண்பதுபோல வந்துவிடும். பெயருக்கு அந்த முதல் மாற்றம் இல்லை. மெல்லிய தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து லினோவில் பிரதி எடுங்கள்.

கோடு அடைபடுவது மை கூடியதால். உருளை ஓடும்போது மெல்லிய சரசரப்புக் கேட்க வேண்டும். பசபசவென்று ஒட்டினால் மை அதிகம். உங்கள் ஊர்க் குளிரில் லினோ இறுகி உளி வழுக்கும். வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கிய பிறகு வெட்டுங்கள். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். எண்ணெய் மை என்றால் மழைக்காலத்தில் காய நாட்கணக்காகும். தாள்களை அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.