சிறிய விமான நிலையம்தான். ஆனாலும் எவ்வளவு முன்னதாகச் செல்ல வேண்டும்?

கேள்வி: ஏரலில் வசிக்கும் என் தாயாருக்கு 68 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அடுத்த மாதம் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு முதன்முறையாக, அதுவும் தனியாக, விமானத்தில் வருகிறார். "சின்ன ஏர்போர்ட்தானே, முக்கால் மணி நேரம் முன்னாடி போனால் போதும்" என்கிறான் தம்பி. அது சரியா? வீல்சேர் கேட்கலாமா? ஊர்ப் பொருட்களில் எவற்றைக் கொண்டுவரலாம்?

பதில்: தங்கள் தம்பியின் கணக்கில்தான் பலரும் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் திறக்கப்பட்ட புதிய முனையம் பழையதைவிடப் பல மடங்கு பெரியது என்றாலும், சென்னையோடு ஒப்பிட்டால் அங்கே நடக்க வேண்டிய தூரம் குறைவுதான். ஆனால் தூரம் குறைவதால் கெடு நேரம் தள்ளிப்போவதில்லை. உள்நாட்டு விமானங்களுக்கு நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன் செக்-இன் கவுன்ட்டரையும், 25 நிமிடங்களுக்கு முன் விமானம் ஏறும் வாயிலையும் மூடிவிடுகின்றன. காலை 10.00 மணிக்கு விமானம் என்றால் 9.00 மணிக்குப் பிறகு பெட்டியை வாங்கமாட்டார்கள்; 9.35 மணிக்குப் பிறகு ஆளையும் விடமாட்டார்கள்.

சிறிய நிலையங்களில் இந்தக் கெடு இன்னும் கறாராகக் கடைப்பிடிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கும் அதே ஊழியர்கள்தான் பெரும்பாலும் அடுத்து வாயிலுக்குச் சென்று பயணிகளை விமானத்தில் ஏற்ற வேண்டும். அவர்கள் எழுந்து போன பிறகு கவுன்ட்டரில் கேட்பதற்கு ஆளிருக்காது. பெரிய ஊரில் ஒரு விமானத்தை விட்டால் சற்று நேரத்தில் இன்னொன்று கிடைக்கும். இங்கே அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம், அதிலும் இடம் இருக்கும் என்ற உறுதியில்லை. முதன்முறை செல்பவர், வீல்சேர் வேண்டுபவர் என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால், தங்கள் தாயார் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வாசலில் இருப்பது நல்லது.

வழியனுப்ப வருபவர் முனையத்தின் வாசலோடு நின்றுவிட வேண்டும். அங்கே நிற்கும் காவலர் பயணச்சீட்டையும் புகைப்பட அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆதாரின் நகலை நம்பிப் போக வேண்டாம், அசல் அட்டை கையில் இருக்கட்டும். இனிஷியல் முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பது பொதுவாகச் சிக்கலாவதில்லை. ஆனால் வீட்டில் கூப்பிடும் பெயரில் பிள்ளைகள் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, ஆதாரில் வேறு பெயர் இருப்பதை வாசலில் வைத்துக் கண்டுபிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்றே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீல்சேர் தாராளமாகக் கேட்கலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பதிவின்போதே, தவறினால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது, விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். செயற்கை மூட்டில் உலோகம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் கருவி ஒலி எழுப்பும். அம்மா பதற வேண்டியதில்லை: பெண்களுக்கென்று திரையிட்ட தனி அறையில் பெண் காவலர் கைக்கருவியால் சோதிப்பார். "முழங்காலில் ஆபரேஷன் செய்திருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, மருத்துவமனைச் சான்றின் நகலைக் காட்டினால் வேலை எளிதாகும்.

இந்தத் தடத்தில் ஏ.டி.ஆர். என்னும் சிறிய விமானமா, பெரிய விமானமா என்பதைப் பயணச்சீட்டில் பாருங்கள். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறும் கதவு வால் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கக் கதவு சரக்குக்கானது. ஆகவே மற்ற விமானங்களுக்கு மாறாக இதில் முன்வரிசை இருக்கைதான் தொலைவு. விவரம் தெரியாமல் கூடுதல் பணம் கொடுத்து முதல் வரிசையை வாங்கிவிட்டு, ஒடுங்கிய நடைபாதையில் முழுத் தொலைவும் நடப்பவர்கள் உண்டு. தங்கள் தாயாருக்குப் பின்வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாக எடுங்கள். தலைக்கு மேலுள்ள பெட்டி அறையும் இதில் சிறியது. பெரிய கைப்பெட்டி அதில் அடங்காது.

பொருட்களைப் பொறுத்தவரை, சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி. உடன்குடிக் கருப்பட்டி, ஊறுகாய், நெய் ஆகியவற்றை இறுக மூடி, பாலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். தூத்துக்குடி மக்ரூனைப் பெட்டியில் வைத்தால் சென்னைக்குத் தூளாகத்தான் வந்து சேரும் என்பதால் அதற்குக் கைப்பைதான் இடம். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம்: எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது என்பதால் விமானப் போக்குவரத்தில் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் உள்ளது. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். அன்றாட மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும்.

பயணம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அமைந்தால் தாமதத்துக்கும் தயாராக இருங்கள். இவ்வளவு குறுகிய பயணத்தில் தாமதம் இரண்டு மணி நேரத்தை எட்டினால், உரிய நேரத்தில் செக்-இன் செய்த பயணிக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அம்மா தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையம், நான்காம் முனையம் என இரண்டிலும் கையாளப்படுவதால், எந்த முனையத்துக்கு வருகிறது என்பதைப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள். வீல்சேர் தள்ளிவரும் ஊழியர் பெட்டியை எடுத்துக்கொடுத்து வெளிவாசல் வரை அழைத்து வருவார். போர்டிங் பாஸில் ஒட்டப்படும் பெட்டிக்கான சீட்டை அதுவரை கிழித்தெறிய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். இறங்கியதும் கைபேசியை மீண்டும் இயக்கத் தெரியாமல் போகலாம் என்பதால், தங்கள் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவருடைய மணிபர்ஸில் வைத்தனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். அந்த ஊழியரே தம் கைபேசியில் தங்களை அழைத்துவிடுவார்.