கண் துறைக்குப் போக ஓர்த்தொப்டிக்ஸ் படிக்கலாமா? ஒரு தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்திருக்கிறீர்கள். கண் சம்பந்தமான வேலைக்குப் போக ஆசை. பல்கலைக்கழகப் படிப்புகளைத் தேடும்போது ஓர்த்தொப்டிக்ஸ் (இரண்டு கண்ணும் ஒன்றாக வேலை செய்வதைப் பற்றிய படிப்பு) என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டிலோ, "அது கண்ணாடிக் கடை வேலைதானே, டொக்டருக்குக் கிடைக்காவிட்டால் ஒப்டோமெட்ரி செய்" என்கிறார்கள். இதைப் படிக்கலாமா, ஆங்கிலம் தடையாக இருக்குமா, காசுக்கு என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

நான் இந்தப் படிப்பை இங்கேதான் படித்தேன். கனகாலமாக ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் வேலை செய்கிறேன். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மருத்துவம் கிடைக்கவில்லையே என்ற மனத்தாங்கலோடு இதற்குள் வராதீர்கள். இது யாருக்கும் அடுத்தபடி நிற்கிற வேலை இல்லை.

வீட்டாருக்கு இப்படிச் சொல்லுங்கள். ஒப்டோமெட்ரிஸ்ட் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதுவார், கண்ணில் நோய்க்குறி ஏதும் உண்டா என்றும் பார்ப்பார். கண் டொக்டர் மருத்துவம் படித்து, சத்திரசிகிச்சை செய்பவர். ஓர்த்தொப்டிஸ்ட் பார்ப்பது இரண்டு கண்ணும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்பதை. ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள், அவற்றை இயக்க மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள். இதில் எங்கே பிசகினாலும் மாறுகண், இரட்டைப் பார்வை, தலையைச் சரித்துப் பார்ப்பது என்று ஏதோ ஒன்று வரும். எது பிசகியது என்று கண்டுபிடிப்பதும், பல வேளைகளில் அதற்கு வைத்தியம் செய்வதும் எங்கள் பொறுப்பு. இந்தத் தொழிலின் முதல் ஆள் மேரி மடொக்ஸ் என்ற பெண். அவருடைய தகப்பன் ஏர்னஸ்ட் மடொக்ஸ் ஒரு கண் டொக்டர். கண் விலகுவதைச் சோதிக்க அவர் உருவாக்கிய, வரிவரியான சிவப்புக் கண்ணாடித் துண்டு இன்றைக்கும் எங்கள் மேசையில் கிடக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், கவர் டெஸ்டைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளை ஒரு சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஒரு கண்ணை மறைப்பேன். மறைத்த கண்ணில் எனக்கு அக்கறை இல்லை, திறந்திருக்கிற மற்றக் கண்ணைத்தான் பார்ப்பேன். அது மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே அசைந்து வந்து படத்தைப் பிடித்தால், அதுவரை உள்ளே திரும்பி நின்றிருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் நின்றால் ஏற்கெனவே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு ஒளியைத் திருப்புகிற கண்ணாடித் துண்டான பிரிஸத்தை ஒவ்வொன்றாக முன்னால் பிடித்து, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளப்போம். மயிரிழை அளவு அசைவு அது. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கண்ணிலேயே படாது. மூன்றாம் வருஷம் வரும்போது, அழுது அடம்பிடிக்கிற குழந்தையிடமும் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள்.

சோதனை பாதி வேலைதான். மீதி, தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்துவது. சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைக்கு நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொல்லும்போது, "நல்லாய்த் தெரியிற கண்ணை ஏன் மூடுறீங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளையின் மூளை ஒரு கண்ணிலிருந்து வரும் படத்தை ஒதுக்கப் பழகிவிட்டது. கண்ணாடி போட்டாலும் அந்தப் பழக்கம் முழுதாக விடாமல் போகலாம். நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடினால், மூளை மற்றக் கண்ணை நம்பியே ஆக வேண்டும். சின்ன வயதில் மூளை கெதியாக மாறும், வளர வளர அது கடினம். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, குறைபாடு நடுத்தர அளவில் இருக்கிற 3 முதல் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, நாளுக்கு 2 மணிநேரம் ஒட்டினாலும் 6 மணிநேரம் ஒட்டினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. அந்த நாலு மணிநேரம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, ஒட்டியதைப் பிடுங்கி எறிகிற பிள்ளையை வைத்திருக்கும் தாயிடம் கேட்டால் தெரியும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, அடுத்த முறை அவர்கள் திரும்பி வரும்படி செய்வதில்தான் பிள்ளையின் பார்வை தங்கியிருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். காலையில் எழும்பினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒருவர் வருவார். ஒரு இமை சரிந்து, கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் போய், கருமணி விரிந்திருந்தால் அவரைக் கதிரையில் காத்திருக்க விட மாட்டோம். மூளை இரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் கண்ணை அசைக்கிற நரம்புகளில் ஒன்றான மூன்றாம் மூளை நரம்பை அழுத்துவதாக இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. உடனே டொக்டரைக் கூப்பிட்டு ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும். பாரிசவாதம் வந்தவர்களின் வார்டுக்கும் போவோம். பாதிப் பார்வை போயிருப்பது அவர்களுக்கே தெரியாமல், தட்டில் ஒரு பக்கத்துச் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு மற்றப் பக்கத்தை அப்படியே விட்டிருப்பார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி: உச்சரிப்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உங்களுடைய வேலை நடுக்கத்தில் இருக்கிற தாய்க்கும், காது மந்தமான பெரியவருக்கும், மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வது. அதற்கு வேண்டியது எளிய, சரளமான பேச்சு. அது புத்தகத்தில் வராது. கடை, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் என்று எங்காவது ஆட்களோடு கதைக்கிற வேலையோ தொண்டோ இப்போதே தொடங்குங்கள். லிவர்பூல், கிளாஸ்கோ ஆட்களின் பேச்சு முதலில் காதில் பிடிபடாது. "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்க வெட்கப்படாதீர்கள், இங்கே யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை.

இனிப் படிப்பு. மிகச் சில பல்கலைக்கழகங்களில்தான் இது இருக்கிறது. நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை ஷெஃபீல்ட், லிவர்பூல், கிளாஸ்கோ கலிடோனியன். இங்கிலாந்தில் பட்டத்துக்கு 3 வருஷம், கிளாஸ்கோவில் 4. முடித்ததும் இந்த மாதிரிச் சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்கிற அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு செய்ய வேண்டும், பதிவு இல்லாமல் ஓர்த்தொப்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். என்.எச்.எஸ். (அரசாங்க சுகாதார சேவை) வேலை பான்ட் 5 என்ற சம்பளப் படியில் தொடங்கும். படிக்கும்போதே நாட்டின் வெவ்வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். வீட்டை விட்டுத் தள்ளித் தங்க வேண்டி வரும் என்பதை அப்பா அம்மாவிடம் இப்போதே கதைத்து வையுங்கள், பிறகு பிரச்சினை வேண்டாம்.

காசு விஷயத்தில்தான் உங்களைப் பற்றி எனக்கு யோசனை. உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கு, பொதுவாக நிரந்தர வதிவிட உரிமையும் படிப்புத் தொடங்குமுன் 3 வருஷம் இங்கே வாழ்ந்திருப்பதும் பார்ப்பார்கள். விலக்குகளும் உண்டு, எல்லாம் விசா வகையைப் பொறுத்தது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல மடங்கு. இங்கிலாந்தில் மாணவர் கடனுக்குத் தகுதியுள்ள ஓர்த்தொப்டிக்ஸ் பிள்ளைகளுக்கு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத என்.எச்.எஸ். உதவியாக வருஷத்துக்கு 5,000 பவுண்ஸும், ஆள் பற்றாக்குறையான துறை என்பதால் மேலும் 1,000 பவுண்ஸும் உண்டு. அந்தத் தகுதி இல்லாவிட்டால் இதுவும் இல்லை. சொந்தக்காரர் சொல்வதை நம்பாமல், உங்கள் விசா விவரத்தை எழுதிப் பல்கலைக்கழகக் கட்டணப் பிரிவிடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். உள்ளூர்க் கட்டணம் கிடைக்க இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்றால், நான் பொறுக்கத்தான் சொல்வேன். அந்த இடைவெளியில் கண் பிரிவிலேயே உதவியாளர் வேலை தேடலாம்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியின் ஓர்த்தொப்டிக் பிரிவுத் தலைவருக்கு, ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று சின்னதாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எங்கள் பிரிவுக்கும் இப்படிக் கேட்டு வருகிறார்கள், நாங்கள் சந்தோஷமாகவே கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து மறுபடி எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் கேளுங்கள். போனால் பிள்ளைகள் வருகிற நேரத்தில் போங்கள். நேர்முகத்தில் ஒப்டோமெட்ரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஏன் இது என்று கேட்பார்கள். அன்றைக்கு நேரில் கண்டதை வைத்துப் பதில் சொல்லுங்கள். விண்ணப்பம் முடிகிற நாள் ஜனவரியில் வரும். மின்னஞ்சலை எழுதிவிட்டு அனுப்பப் பயமாக இருந்தால் எனக்குக் காட்டுங்கள், திருத்தித் தருகிறேன்.